பிறை, நோன்பு, மணல்: வாசகர் கேள்வி பதில்

கே: ரமலான் சமயத்தில் வளைகுடாவுக்கும் மொராக்கோவுக்கும் போக நினைக்கிறோம். தேடினால் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு தேதி போட்டிருக்கிறார்கள். எதை நம்பி டிக்கெட் எடுப்பது?

ப: எந்தத் தேதியாக இருந்தாலும் ஒரு நாள் முன்பின் ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நிலவை வைத்துக் கணக்கிடும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான். அதனால் பண்டிகைகள் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மாதத்துக்கு 29 நாளா 30 நாளா என்பதை 29ஆம் நாள் மாலைப் பிறை முடிவு செய்யும். வளைகுடாவில் பல நாடுகள் சவூதி அறிவிப்போடு போகின்றன. ஓமனும் மொராக்கோவும் தாங்களே பிறை பார்த்து அறிவிப்பவை. அங்கே ஒரு நாள் தள்ளிப்போவது சகஜம்.

தோராயமாகக் கணக்கிட அமாவாசை தேதி போதும். அதற்கு மறுநாளோ, அதற்கும் அடுத்த நாளோ மாதம் பிறக்கும். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முந்தின இரவுதான் உறுதியாகும். பக்ரீத் அதன் மாதத்தின் 10ஆம் நாள் என்பதால் பத்து நாள் முன்பே தெரிந்துவிடும். ஆகவே நோன்புப் பெருநாளுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள், ரத்து செய்தால் பணம் திரும்பாத எதையும் பதிவு செய்யாதீர்கள்.

கே: நோன்பு மாதத்தில் ஓமனில் பகலில் சாப்பாடு கிடைக்குமா? குழந்தைகள் உடன் வருகிறார்கள்.

ப: கிடைக்கும், தெருவில் அல்ல. பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் புகைப்பதும் ஓமன் சட்டப்படி குற்றம். முஸ்லிம் அல்லாதவர்களும் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும். சாலையில் நிற்கும் காரும் பொது இடம்தான், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான உணவகங்கள் மாலை வரை மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். வாங்கி வந்து அறையில் சாப்பிடலாம். சிறு குழந்தைகளுக்கு நோன்பு கடமை இல்லை, அவர்கள் சாப்பிடுவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனாலும் ஒதுக்குப்புறமாக ஊட்டுவதே மரியாதை. துபாயில் நிலைமை தளர்வு. பகலில் சாப்பாடு தரும் உணவகங்கள் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள்.

கோட்டைகள், அருங்காட்சியகங்களின் நேரம் குறையும் என்பதால் அவற்றைக் காலையிலேயே முடியுங்கள். மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் மற்ற மதத்தவருக்குச் சாதாரண நாட்களில் காலை 8 முதல் 11 வரை அனுமதி, வெள்ளி கிடையாது. பெண்கள் தலை, கை, கணுக்கால் வரை மூட வேண்டும். நோன்பு மாதத்து நேரத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைவதற்கு முந்தைய அரை மணி நேரம் சாலையில் இருக்காதீர்கள். பசியோடும் தாகத்தோடும் வீடு திரும்பும் அவசரம் எல்லா வண்டியிலும் தெரியும். டாக்சியும் கிடைக்காது. பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்ன பத்தாவது நிமிடம் அதே சாலை வெறிச்சோடிவிடும். கிளம்ப வேண்டுமானால் அப்போது கிளம்புங்கள்.

யாராவது நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தால் கால் மணி முன்னதாகப் போங்கள். பாங்குக்கு முன் எதையும் தொடாதீர்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆனதும் எல்லோரும் தொழுகைக்கு எழுந்து போவார்கள். விருந்து முடிந்துவிட்டது என்று நினைத்து விடைபெற்றுவிட வேண்டாம், பெரிய சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

கே: மராகேஷிலிருந்து இரண்டு நாள் பாலைவனச் சுற்றுலா மலிவாக விளம்பரம் செய்கிறார்கள். போகலாமா?

ப: எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். இரண்டு நாள் என்றால் பெரும்பாலும் சாகோரா பக்கம். அங்கே மணல் உண்டு, படத்தில் காட்டும் மலை போன்ற மேடுகள் கிடையாது. அந்தப் படங்கள் மெர்சூகா ஊரை ஒட்டிய எர்க் செப்பி என்னும் மணல்வெளியில் எடுத்தவை. மேடுகள் சுமார் 150 மீட்டர் வரை எழும். மராகேஷிலிருந்து அங்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர், வழியில் 2,260 மீட்டர் உயரத்தில் டிஸி நிடிஷ்கா கணவாய். ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். கொண்டை ஊசி வளைவுகள் ஏராளம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையோடு ஏறுங்கள். குறைந்தது மூன்று நாள் இல்லாமல் மெர்சூகா வேண்டாம். இறங்கியதும் ஒட்டகம், விடிந்ததும் மறுபடி வேன் என்றால் நீங்கள் பார்த்தது நெடுஞ்சாலையைத்தான். வசதி இருந்தால் மராகேஷில் தொடங்கி ஃபெஸ் நகரில் முடியுங்கள், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

நோன்பு மாதமென்றால் கடிகாரத்தைக் கவனியுங்கள். மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுதும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. ரமலானுக்கு மட்டும் ஒரு மணி பின்னால் வைத்து, முடிந்ததும் திரும்ப முன்னால் வைப்பார்கள். இரண்டு மாற்றமும் ஞாயிறு அதிகாலையில் நடக்கும். செல்பேசி தானாக மாறியதா என்று விடுதியின் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஞாயிறுகளில் பேருந்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

பெருநாளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் பேருந்துகள் நிரம்பி வழியும், பெருநாளன்று கடைகள் மூடிக் கிடக்கும். பக்ரீத்துக்கு இந்த மூடல் இன்னும் நீளும், பழைய நகரத்துச் சிறு உணவகங்கள் சில நாட்கள் திறக்காது. வீட்டுக்கு வீடு குர்பானி (ஆட்டுப் பலி) நடக்கும். தெருமுனைகளில் இளைஞர்கள் கட்டைகளை எரித்து, இரும்புக் கட்டிலின் வலையைக்கூட அடுப்பாக்கி, ஆட்டுத் தலைகளை மயிர் பொசுக்கிக் கொடுப்பார்கள். அந்த வாசனை தாங்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. 2025 மட்டும் விதிவிலக்கு: வறட்சியால் ஆட்டு மந்தைகள் குறைந்துபோனதால் குர்பானியைத் தவிர்க்கும்படி மன்னர் ஆறாம் முகமது கேட்டுக்கொண்டார்.

ஹரீரா சூப்பைப் பருப்பு சூப் என்று நம்பி சைவர்கள் குடிக்க வேண்டாம், இறைச்சி சேர்ப்பது வழக்கம். மொராக்கோ மசூதிகளுக்குள் மற்றவருக்கு அனுமதி இல்லை. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் மசூதியை வழிகாட்டியோடு பார்க்கலாம். மொராக்கோ நாணயமான திர்ஹாமைப் பாலைவனத்துக்கு முந்தைய ஊரான எர்ஃபூதிலோ ரிசானியிலோ எடுத்துக்கொள்ளுங்கள், பெருநாள் நேரத்தில் பணம் தீர்ந்துபோன ஏடிஎம்மைப் பார்ப்பது அபூர்வமல்ல.

கே: ஓமனில் வாடகை ஃபோர் வீல் எடுத்து நாங்களே ஷர்கியா மணல் என்னும் பாலைவனத்துக்குள் ஓட்டலாமா?

ப: தார்ச் சாலையில் மட்டும் ஓட்டியவர் தனி வண்டியில் உள்ளே போக வேண்டாம். பிதியா ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, கூடார முகாம்காரர்களையே வந்து அழைத்துப் போகச் சொல்லலாம். ஓட்டியே தீருவது என்றால் குறைந்தது இரண்டு வண்டிகள். வாடகை ஒப்பந்தத்தையும் படியுங்கள்; சாலைக்கு வெளியே நேரும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும்.

மணலில் எல்லாமே டயர் காற்றுதான். தார்ச் சாலைக்கு 35 பிஎஸ்ஐ இருந்தால் மணலுக்கு 18க்கு இறக்குங்கள். காற்று குறைந்ததும் டயர் நீளவாக்கில் படிந்து எடையைப் பரப்பும், மணலைத் தோண்டாது. சாலையில் ஓடிச் சூடான டயரில் 18 வைத்தால், குளிர்ந்த பிறகு காலையில் 3, 4 குறைந்திருக்கும். மறுநாள் கிளம்புமுன் அளந்து பாருங்கள். 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பித் தாரில் ஏறியதும் காற்றை நிரப்பிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். அப்படியே 80, 100இல் பறந்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

மேட்டில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். சரிவில் குறுக்கே போனால் வண்டி உருளும். உச்சியை நெருங்கும்போது மறுபக்கம் தெரியாது, அது 30 டிகிரிக்கு மேல் சரிந்திருக்கலாம். இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாததால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். மணலும் மாலையைவிடக் காலையில் இறுக்கமாக இருக்கும். ஆகவே ஓட்டுவதைக் காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். நிறுத்துவதானால் முகப்பு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லையா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு நொடி அழுத்தினால் அச்சு வரை புதையும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாருங்கள், காற்றை 12 வரை இறக்குங்கள், டிராக்‌ஷன் கண்ட்ரோல் பொத்தானை அணையுங்கள் (அது இன்ஜின் விசையைக் குறைத்துவிடும்), வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வாருங்கள். பத்தில் எட்டு தடவை இதுவே போதும். இன்னொரு வண்டியால் இழுப்பதென்றால் கயிற்றை டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு போலப் பறந்து ஆளைக் கொல்லும். அதற்கென்று உள்ள இழுவை வளையத்தில் மாட்டி, கயிற்றின் நேர்க்கோட்டிலிருந்து எல்லோரும் விலகி நில்லுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதற்கு மேல் ஒரு நாள் இருப்பு. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகாதீர்கள்.

கே: ஒட்டகத்தில் ஏறினால் விழுந்துவிடுவோமா?

ப: ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள் முதலில் எழும், உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடியும். இரண்டிலும் நீங்கள் முன்னால் சரிவீர்கள். இரண்டு முறையும் பின்னால் சாய்ந்து பிடியைப் பற்றுங்கள். முழுநீளக் கால்சட்டை போடுங்கள், தொடை உரியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

கே: பாலைவனத்தில் நட்சத்திரம் பார்க்க எந்த நாள் நல்லது?

ப: பண்டிகைக் கணக்கே இதற்கும் உதவும். நோன்புப் பெருநாள் மூன்றாம் பிறையை ஒட்டி வருவதால் அந்த ஓரிரு நாள் நிலா சீக்கிரமே மறைந்து, இரவின் பெரும்பகுதி இருட்டு. பக்ரீத் தசமி நிலா. நள்ளிரவு தாண்டித்தான் மறையும், மூன்றரை மணிக்கு அலாரம் வையுங்கள். நோன்பு மாதத்தின் நடுவில் போனால் பௌர்ணமி. மணலில் டார்ச் இல்லாமல் நடக்கலாம், பால்வீதி தெரியாது. குளிர்காலத்தில் மெர்சூகாவிலும் ஜோர்டானின் வாடி ரம்மிலும் இரவு பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும், கம்பளியோடு போங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

கே: பாலியில் நியெபி நாளில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ப: மாட்டிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது, திட்டமிட்டே போகலாம். நியெபி என்பது பாலி இந்துக்களின் சக நாட்காட்டிப்படி ஆண்டுப் பிறப்பு. 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை விமான நிலையம் உட்பட எல்லாம் நின்றுவிடும். விடுதி வாசலைத் தாண்டக் கூடாது. பெசலாங் என்னும் ஊர்க் காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள். 2018 முதல் மொபைல் இணையமும் நிறுத்தப்படுகிறது. ஆகவே வரைபடம், விமானச் சீட்டு, விடுதி விவரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சமையலறை உள்ள விடுதியா என்று கேளுங்கள், இல்லையென்றால் முந்தின நாள் மதியத்துக்குள் உணவு வாங்கிவிடுங்கள். அந்த முந்தின நாள் மாலையில் ஒகோ ஒகோ என்னும் பூத உருவங்களின் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அதை நடந்து போகும் தூரத்தில் பார்க்கும்படி அறை எடுங்கள்.