கரையும் வங்கியும்: ‘பேங்க்’ என்னும் சொல்லைப் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ள எச்சரிக்கை ஒன்றில் ‘லெஃப்ட் பேங்க்’ மக்கள் மேட்டுப்பகுதிக்குச் செல்லுமாறு கூறப்பட்டிருந்தது. பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் ஒரு கரையும் மேற்கே பார்த்தால் மறு கரையும் இடப்பக்கம் வருகின்றனவே? (திருவையாறு வாசகர்)

பதில்: தண்ணீர் ஓடிச் செல்லும் திசையை நோக்கி நிற்பதாகக் கொண்டே ஆங்கிலத்தில் இடது கரை, வலது கரை என்பார்கள்; பார்ப்பவர் எப்படித் திரும்பி நின்றாலும் அது மாறாது. காவிரி கிழக்கு நோக்கி ஓடுவதால் அதன் இடது கரை வடகரை. ஆகவே திருவையாறு இடது கரையிலும், கும்பகோணம் வலது கரையிலும் உள்ளன. நம் முன்னோர் திசையைக் கொண்டே கரையைச் சொன்னார்கள். சோழநாட்டுத் தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று பகுத்திருப்பதும் அம்முறையில்தான். ஆனால் ஆறு திரும்பும் இடத்தில் கவனம் தேவை. தஞ்சைப் பக்கத்தில் புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் தெற்கு நோக்கித் திரும்பும் இடங்களில் இடது கரை கிழக்கே வந்துவிடும். அங்கே ‘லெஃப்ட் பேங்க்’ என்பதை வடகரை என்று மொழிபெயர்த்தால் மணல் மூட்டை தவறான கரைக்குப் போய்ச் சேரும். எச்சரிக்கைகளில் இடது, வலது என்பதோடு திசையையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆற்றங்கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இத்தாலியில் நாணயம் மாற்றுவோர் முன்னால் போட்டிருந்த பலகையின் பெயரே பணம் சார்ந்த ‘பேங்க்’ ஆயிற்று. கரையைக் குறிக்கும் ‘பேங்க்’ வடஐரோப்பிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தாலும், மேடு, பலகை என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வேர் ஒன்றில் சேர்கின்றன. உங்கள் ஊரிலேயே 1904-இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் ஒரு வங்கி தொடங்கப்பட்டது; அதுவே இன்றைய சிட்டி யூனியன் வங்கி.

கேள்வி: கடற்கரையையும் ‘பேங்க்’ எனலாமா? (பூம்புகார் வாசகர்)

பதில்: கூடாது. கடலுக்கு ‘ஷோர்’ என்பதே சொல். ‘பேங்க்’ ஆறு, கால்வாய் போன்றவற்றின் கரைக்கே உரியது.

கேள்வி: விதை வங்கி என்பது பொருத்தமான சொல்லா? நெல் பணமல்லவே. (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: மிகப் பொருத்தமானது. சேமித்து வைத்துத் தேவைப்படும்போது எடுத்துத் தரும் இடம் என்ற பொருளில் ஆங்கிலத்திலும் குருதி, விதை ஆகியவற்றோடு ‘பேங்க்’ சேர்கிறது. உங்கள் பகுதியின் நெல் ஜெயராமன் மறைந்துகொண்டிருந்த 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றுச் செல்லும் உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். கடனும் வட்டியும் விதையாகவே நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வங்கி என்பதைவிடத் தெளிவான பெயர் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ‘பேங்க் ஆன்’ என்று ஒரு கடிதத்தில் படித்தேன். பொருள் என்ன? (மன்னார்குடி வாசகர்)

பதில்: ஒன்றை உறுதியாக நம்பியிருத்தல். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பிக் குறுவைக்கு நாற்று விடுகிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் இத்தொடர் குறிக்கிறது.