குதிகால் கறுப்புப் புள்ளி

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இடது குதிகாலில் மிளகளவு இருந்த கறுப்புப் புள்ளி ஆறே மாதத்தில் புளியங்கொட்டை அளவாகிவிட்டது. வலி இல்லை. 'வயலில் முள் குத்தியிருக்கும்' என்கிறார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. 'நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராதே டாக்டர்' என்று என்னிடமே பலர் சொல்வதுண்டு. அபூர்வம்தான். ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடமாகப் பார்த்து உட்காரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல், 36 வயதில் இறந்தார்.

டெர்மாஸ்கோப் என்ற லென்ஸை வைத்து, கறுப்புக் கோடுகள் பாதத்து ரேகையில் எங்கே ஓடுகின்றன என்று பார்ப்பேன். பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் பயாப்ஸிதான், அதாவது சிறு துண்டு தோலை எடுத்துச் சோதிப்பது. ஓரம் மை கசிந்த மாதிரி இருந்தாலும், ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தாலும் சந்தேகம்தான்.

அப்புறம், அம்மா கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.