இங்கிலாந்தின் டெர்பியில் வீடு வாங்கிய தம்பிக்கு: எந்த ஆப்பிள் கன்று?

தம்பி, டெர்பியில் வீடு வாங்கியாகிவிட்டது, பின்பக்கம் பத்து மீட்டர் நீளத்துக்குப் புல்தரை இருக்கிறது, அதில் ஓர் ஆப்பிள் மரம் வைக்க வேண்டும், வீட்டுக்குப் பழமும் வேண்டும், பறவைகளும் வர வேண்டும், எந்த வகை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் வாங்கிய காலா ஆப்பிளின் விதையை மகள் தயிர் டப்பாவில் போட்டு முளைக்க வைத்திருக்கிறாளாம். அதையே நட்டுவிட்டால் என்ன என்பது இன்னொரு கேள்வி. நான் நாட்டிங்ஹாம் பக்கம் குடியேறிப் பல காலம் ஆயிற்று. தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மகளின் கன்று. அதைத் தூக்கி எறிய வேண்டாம், தொட்டியில் வளரட்டும். ஆனால் அதில் காலா காய்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆப்பிள் விதையில் தாய் மரத்தின் குணம் பாதிதான். மீதி எந்தத் தோட்டத்து மகரந்தம் என்று தேனீக்கே தெரியாது. காய்க்கப் பல வருடம் ஆகும், மரமும் கூரையைத் தாண்டி வளரும், பழம் பெரும்பாலும் வாயில் வைக்க முடியாமல் இருக்கும். அபூர்வமாக நல்லதும் வரும். இங்கிருந்து அரைமணிப் பயணத்தில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி அங்கே போட்ட விதையில் வந்ததுதான் இன்று இங்கிலாந்து முழுக்கச் சமையலுக்குப் பயன்படும் பிராம்லி. பெயர் மட்டும் அந்தப் பெண்ணுடையது இல்லை. பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரருடையது. நட்டவளுக்குப் பெயர் இல்லை, பத்திரம் வைத்திருந்தவருக்குப் பெயர். நம் ஊரிலும் இது நடக்காததா என்ன? உலகத்தில் உள்ள பிராம்லி மரம் அத்தனையும் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டுக் கட்டி வந்தவை.

இப்போது உங்கள் மரம். நர்சரிக்குப் போனதும் எல்லோரும் வகையின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. ஒட்டு மாங்கன்று வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மேலே ஒரு மரம், கீழே வேருக்கு வேறொரு மரம். பழத்தின் ருசியை மேல்பகுதி தீர்மானிக்கிறது. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை வருடத்தில் காய்க்கும் என்பவை பெரும்பாலும் கீழே இருக்கும் வேர்ச்செடியின் கையில். கன்றின் அட்டையில் எம்9, எம்26, எம்எம்106 என்று போட்டிருப்பது அதைத்தான். 'எம்' என்பது கென்ட் மாவட்டத்தில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கிறது. எண் பெரிதானால் மரம் பெரிது என்று கணக்குப் போட வேண்டாம். அது வரிசை எண், அளவு இல்லை. எம்27 எல்லாவற்றிலும் குட்டை, நம் தலை உயரம்தான் வரும். எம்25 பழத்தோப்புக்கான பெரிய மரம். எம்9 சுமார் இரண்டரை மீட்டர், எம்26 மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின், எம்எம்106 நான்கு மீட்டர் வரை போகும்.

பறவைகளுக்காக என்றால் மரம் பெரிதாக இருப்பது நல்லதுதான். வயதான பெரிய ஆப்பிள் மரத்தின் பொந்தும் பட்டைப் பிளவும் ஒரு தனி உலகம். பழைய பழத்தோப்புகளைப் பாதுகாக்க வேண்டிய வாழிடமாகவே இந்த நாடு பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் பத்து மீட்டர் தோட்டத்தில் எம்25 வைத்தால், சில வருடங்களில் அண்டை வீட்டாரின் வெயிலை நீங்கள் மறைத்துக்கொண்டிருப்பீர்கள். மறுபக்கம், எம்27இன் வேர் பலவீனம். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் புல்லோடு போட்டியிட அதனால் முடியாது. உங்களுக்கு எம்எம்106 அல்லது எம்26. அதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

ஒரு மரம் போதுமா என்றால், நான் இரண்டு வைக்கச் சொல்வேன். பெரும்பாலான ஆப்பிள் வகைகள் தன் மகரந்தத்தில் தானே ஒழுங்காகக் காய்ப்பதில்லை. அதே சமயத்தில் பூக்கும் வேறு வகை ஒன்று பக்கத்தில் வேண்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் யார் தோட்டத்திலாவது ஒரு மரம் இருக்கும், அதுவே போதும் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த வீடு கைமாறி, புதிதாக வந்தவர் மரத்தை வெட்டிக் கார் நிறுத்தக் கல் பாவினால் உங்கள் பாடு திண்டாட்டம். ஆகவே இரண்டாவதாக ஒரு கிராப் ஆப்பிள் வையுங்கள். விரல் நுனி அளவுக் காய்கள் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும் காட்டு ஆப்பிள் இனம் அது. பல நாள் விடாமல் பூப்பதால் ஏறக்குறைய எந்த ஆப்பிளுக்கும் மகரந்தம் கொடுக்கும். பறவைகளுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான். எவரெஸ்ட், ரெட் சென்டினல் என்ற இரண்டு வகைகளின் காய்கள் இலை உதிர்ந்த பிறகும் கிளையிலேயே தொங்கும். நவம்பரில் ஒரு பறவையும் சீண்டாது. உறைபனி விழுந்து காய் இளகிய பிறகு, ஜனவரியில், வேறெங்கும் தீனி இல்லாத வாரத்தில் வந்து காலி செய்துவிட்டுப் போகும்.

அப்படியானால் உண்பதற்கான மரம் எது? காக்ஸ் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். ருசியில் அதற்கு ஈடு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையும் குளிரும் அதிகமான இடத்தில் அது நோஞ்சான் பிள்ளை. இலையில் சொறி, கிளையில் புற்று என்று வருடம் முழுக்க மருந்தோடு அலைய வேண்டும். மருந்து அடிக்கும் மரத்தில் பறவைக்கு என்ன வேலை? அதே வழியில் வந்த சன்செட் என்ற வகை அந்த ருசிக்கு அருகில் நிற்கும், தொல்லை குறைவு. டிஸ்கவரி ஆகஸ்டிலேயே பழுக்கும். செக்கச்செவேல் என்று இருக்கும், வெட்டினால் தோலை ஒட்டிய சதையிலும் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். மரத்திலிருந்து பறித்து அங்கேயே நின்று கடிக்க வேண்டிய பழம் அது, இரண்டு வாரம் வைத்தால் சக்கை. எடின்பரோவில் உருவான ஜேம்ஸ் கிரீவ் குளிருக்கு அஞ்சாது. எனக்குப் பிடித்தது எக்ரிமான்ட் ரஸ்ஸெட். தோல் சப்போட்டாவைப் போலச் சொரசொரவென்று பழுப்பாக இருப்பதால் பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கும். ஒரு துண்டு தின்ற பிறகு தட்டில் மிச்சம் இருக்காது.

என் பேச்சை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 1990இலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் 21ஆம் தேதியை ஒட்டி இங்கே 'ஆப்பிள் தினம்' கொண்டாடுகிறார்கள். பழைய தோட்டங்களிலும் ஊர் மன்றங்களிலும் வகை வகையாக நறுக்கி வைத்திருப்பார்கள், ருசி பார்க்கலாம். மகளையும் அழைத்துப் போங்கள். கென்ட்டில் ஃபேவர்ஷாம் அருகே புராக்டேல் என்ற இடத்தில் தேசியப் பழத் தொகுப்பு இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2000க்கு மேற்பட்ட வகைகள். கடையில் நாம் பார்ப்பது ஆறேழுதான் என்று நினைத்தால் வயிறு எரியும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை, மரம் தூங்கும்போது, மண் இல்லாமல் வேரோடு மட்டும் கன்று விற்பார்கள். பார்த்தால் காய்ந்த விறகுக் குச்சி மாதிரித்தான் தெரியும், பயப்பட வேண்டாம். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, தேர்ந்தெடுக்க வகைகளும் அதிகம். வந்த அன்றே வேரைத் தண்ணீரில் ஊறவையுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். தண்டின் அடியில் ஒட்டுக் கட்டிய இடம் முழங்கை மடிந்தது போலப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்திலாவது நிற்க வேண்டும். மண்ணுக்குள் போனால் மேல்பகுதியே சொந்தமாக வேர் விட்டுவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எம்26 வீணாகி மரம் இஷ்டத்துக்கு வளரும். முளைக்குச்சி ஒன்று நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லை எடுத்து மூடாக்கு போடுங்கள். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழை நாடுதானே என்று விட்டுத்தான் பலருடைய கன்று ஜூலையில் காய்கிறது. முதல் வருடம் பிடிக்கும் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். மகள் அழுவாள், சமாளியுங்கள்.

பூச்சியைப் பற்றி. மே மாதத்தில் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்ததும் கை மருந்துப் புட்டியைத் தேடும். அந்தப் புழுக்களைத்தான் ப்ளூ டிட் குருவி தன் குஞ்சுகளுக்கு விடிந்ததிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறது. குருவி கூடு கட்டுவதற்கான பெட்டி ஒன்றை வேலியில் மாட்டிவிட்டு, இலையில் ஓட்டை விழட்டும் என்று இருப்பதுதான் என் வழக்கம். செங்கல் சந்துகளிலும் மூங்கில் குழாய்களிலும் தனியாகக் கூடு கட்டும் ரெட் மேசன் தேனீக்கள் ஆப்பிள் பூக்கும் காலத்தில்தான் வெளியே வரும். அவற்றுக்காகவும் மருந்து வேண்டாம். பழத்தைக் குடையும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு மே மாதத்தில் ஒட்டுப் பொறி ஒன்று தொங்கவிட்டால் போதும்.

கீழே விழும் பழங்களைப் பொறுக்குவதா, விடுவதா? ஜூலையில் புழு குடைந்து விழுபவற்றை உடனே பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தப் புழு மரத்துக்கே திரும்பிவிடும். செப்டம்பருக்குப் பிறகு விழுபவற்றில் ஒரு பகுதியைப் புல்லில் அப்படியே விடுங்கள். அழுகும் பழத்தின் சாற்றைக் குடிக்க ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி வரும், கூடவே குளவியும் வரும். பிள்ளையை வெறுங்காலோடு அந்தப் பக்கம் விடாதீர்கள்.

நல்ல பழங்களில் கொஞ்சம் எடுத்துக் கொட்டகையில் பத்திரப்படுத்திக் கடும் குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ஃபீல்ட்ஃபேர் பறவையை வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க முடியும். சாம்பல் தலை, கருஞ்சிவப்பு முதுகு, மார்பெல்லாம் புள்ளி, அசல் ரௌடி. பனியில் பத்துப் பழம் போட்டால் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு மீதி ஒன்பதையும் காவல் காக்கும். தானும் தின்னாது, பிளாக்பேர்டையும் ரெட்விங்கையும் நெருங்க விடாது. அதற்கு வழி, பழங்களை ஒரே இடத்தில் கொட்டாமல் தோட்டத்தின் இரண்டு கோடியிலும் போடுவது. இந்தப் பக்கம் விரட்டும்போது அந்தப் பக்கம் மற்றவை தின்றுவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பச்சை ஆப்பிள் மரம், கிளை உங்கள் பக்கம் தொங்குகிறது, பறிக்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டப்படி கிளையில் இருப்பதும் உங்கள் புல்லில் விழுவதும் அவர்களுடையவைதான். ஆனால் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள், பை நிறையக் கொடுப்பார்கள்; அந்த மரம் காய்த்துத் தள்ளும்போது அவர்களுக்கே என்ன செய்வது என்று தெரியாது. விவரத்தை வைத்துப் பார்த்தால் அது பிராம்லி. அதனால் நீங்கள் தனியாகச் சமையல் ஆப்பிள் நட வேண்டாம்.

பிராம்லி கிடைத்தால் 'பை' என்று இங்கே சொல்லும் மாவுப் பலகாரத்துக்குள் வைத்து வேகவைக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நமக்கு அது மாங்காய். தோலோடு சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசிறி, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் போட்டு, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து ஊற்றினால் கல்யாண மாங்காய் ஊறுகாய்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தாளித்த எண்ணெய் நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பிராம்லி சூடு பட்டால் நிமிடத்தில் குழைந்து கூழாகிவிடும். பருப்பில் போடுவதாக இருந்தால் அந்தக் குழைவே நல்லது, புளி வேண்டியதில்லை. ஊறுகாய் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை நிற்கும். தயிர்ச் சோறு இருக்கும் வீட்டில் அவ்வளவு நாள் நிற்காது.