ஒன்றாம் வகுப்பும் இருபதாம் தேதியும்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். வயது 34, பி.காம். படித்தவள். 2014 முதல் 2020 வரை இங்கே ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 16,500. மகன் வயிற்றில் இருந்தபோது 'ஒரு வருஷம்' என்று நினைத்து நின்றேன், அப்படியே ஓடிவிட்டது. வரும் ஜூனில் அவன் ஒன்றாம் வகுப்பு. டவுன் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 13,000 தருகிறோம் என்கிறார்கள். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை. பள்ளி வேன் 4.10-க்குத் தெருமுனையில் இறக்கிவிடும். கணவர் மெர்ச்சண்டைசர் (கம்பெனிக்கு வரும் ஆர்டர்களைக் கவனிப்பவர்), ஷிப்மென்ட் சமயத்தில் வீடு வர ராத்திரி பத்தாகும். மாமியாருக்கு முழங்கால் வலி, சர்க்கரை. "பையனை விட்டுட்டுப் போய் அப்படி என்ன சம்பாதிக்கோணும்?" என்கிறார். கணவர் கால்குலேட்டரை எடுத்தார். சாயங்காலக் காப்பகத்துக்கு 3,500, சமையலுக்கு ஆள் 4,000, வெளியே டீ, வடை 500. மிச்சம் 5,000. இதுக்கு எதுக்கு அலைச்சல் என்றார். பேட்டியில் ஆறு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? போகலாமா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கண்ணு, பேட்டியை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். "பையனை வளர்த்தேன்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னால் சம்பளத்தில் ஆயிரம் குறையும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே குறைத்திருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரரின் கால்குலேட்டர். கூட்டலில் தப்பில்லை, பற்று எழுதிய இடம்தான் தப்பு. நீங்களும் கணக்குப் படித்தவர், சொன்னால் புரியும். பையனைப் பார்த்துக்கொள்ளும் செலவு குடும்பச் செலவு. அதை ஏன் உங்கள் பேரேட்டில் மட்டும் பற்று எழுதுகிறார்? அவர் சம்பளத்திலிருந்து அவருடைய பெட்ரோலையும் டீயையும் கழித்து, மிச்சம்தான் வருமானம் என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறாரா? வடையைக்கூட விடாமல் எழுதியவர், உங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. அதுவும் ஒரு வரவுதான்.

ஆனால் உங்கள் பிரச்சினை 5,000 ரூபாயில் இல்லை என்று நினைக்கிறேன். தேதியில் இருக்கிறது. அதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1993 ஜூனில் என் மகள் ஒன்றாம் வகுப்பு போனாள். நான் ஆறு வருஷம் கழித்துக் கோவையில் ஒரு நூல் மில்லின் ஆபீஸுக்குத் திரும்பினேன். விட்டுப்போனபோது சிட்டா, பேரேடு எல்லாம் கையெழுத்து. திரும்பி வந்தால் ஆபீஸிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறையில் துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. கைப்பேரேட்டில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்று இருந்தவள், இருபத்திரண்டு வயதுப் பையன் பக்கத்தில் நின்று "மேடம், என்டர் அழுத்துங்க" என்று சொல்ல, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்தில் அதெல்லாம் சரியாகிவிட்டது. வேலை மறக்காது கண்ணு. சைக்கிள் மாதிரிதான், முதல் தெரு மட்டும் ஆடும்.

சரியாகாதது வேறு. அடுத்த வருஷம் மார்ச் கடைசி. மில்லில் கணக்கு முடிப்பு. மகளுக்குப் பரீட்சை, அன்றைக்குப் பள்ளி அரை நாள்தான். முந்தின நாளே டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்தவள் டைரியைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் பன்னிரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை பிள்ளை பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்த ஆயா தன் டப்பாவிலிருந்து பாதித் தக்காளிச் சாதத்தைக் கொடுத்திருக்கிறார். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் கேட்டது, "அம்மா, நீ ஏன் தக்காளிச் சாதத்துல பட்டாணி போடறதில்ல?"

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. ஆயா நல்லவர், அதனால் ஆகவில்லை, அவ்வளவுதான். மறுநாள் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். மில் கொடுத்த காலண்டரையும் பள்ளி நாட்காட்டியையும் சமையலறையில் ஒரே ஆணியில் மாட்டினேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், வேலைக்குச் சேர்வதற்கு முன்பே.

மாட்டிப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸுக்கு மாதம் 30 நாள் இல்லை, நாலு நாள்தான். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்டுவது. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, விற்பனைப் பில்களின் கணக்கு. 15-ஆம் தேதி ஊழியர்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு). 20-ஆம் தேதி 3-பி, முந்தின மாத ஜி.எஸ்.டி.யைக் கட்டும் ரிட்டர்ன். ஆறரை மணி என்பது மற்ற நாட்களுக்கு. 19, 20 தேதிகளில் வாடிக்கையாளர்கள் பில்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு "இன்னிக்கே முடிச்சிருங்க" என்பார்கள்; ராத்திரி எட்டு ஆகும், போர்ட்டல் படுத்துக்கொண்டால் ஒன்பது. இதையெல்லாம் தாண்டிப் பள்ளிப் பக்கம் பாருங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ் வாரம். ஜி.எஸ்.டி. வருடாந்தர ரிட்டர்னுக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. முழு ஆண்டுத் தேர்வும் கணக்கு முடிப்பும் எப்படி மோதும் என்று மேலே பார்த்தீர்கள். பையன் வீட்டில் இருக்கும் நாட்களில்தான் உங்கள் ஆபீஸ் எரியும். இந்தத் தொழிலையும் பள்ளிக்கூடத்தையும் யாரோ வேண்டுமென்றே எதிரெதிராக வைத்த மாதிரி இருக்கும். (கடைசித் தேதியை நீட்டிப்பார்களே என்பீர்கள். நீட்டிப்பார்கள். அந்த அறிவிப்பு, எல்லா வேலையும் முடிந்தபிறகு வரும்.)

ஆகவே "போகலாமா" என்று வீட்டில் கேட்காதீர்கள். அதற்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். "மாதத்தில் 10, 11, 19, 20 தேதிகளில் சாயங்காலம் யார்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஷிப்மென்ட் தேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாலில் இரண்டு நாளை அவர் எடுத்துக்கொண்டாலே உங்கள் கணக்கு பாதி நேராகிவிடும்.

மாமியாரிடம் "பையனைப் பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டால் முழங்கால் பதில் சொல்லும். அவரால் ஓடிப் பிடிக்க முடியாது. கதவைத் திறந்து, பாலும் முறுக்கும் கொடுத்து, ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருக்க முடியும். அவ்வளவை மட்டும் கேளுங்கள். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷமாகப் பகலில் அந்த வீட்டில் அவருக்குத் துணை நீங்கள்தான். "பையனை விட்டுட்டு" என்று சொல்வதில் "என்னை விட்டுட்டு" என்பதும் கொஞ்சம் கலந்திருக்கலாம். சர்க்கரைக்காரர், பகல் முழுக்கத் தனியாக இருக்கப் பயம் இருக்கும். அதை அவர் வாயால் சொல்லமாட்டார். மத்தியானம் ஒரு போன் போடுவேன், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பேன் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

சரி, என்னைக் கேட்டால்? போங்கள். ஆனால் 13,000-க்கும் ஆறரை மணிக்கும் அப்படியே தலையாட்டாதீர்கள். சம்பளத்தைக் கூட்டச் சொல்ல வேண்டாம், நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சாதாரண நாளில் மூன்றரைக்குக் கிளம்பிவிடுவேன், 10, 11, 19, 20 தேதிகளில் வேலை முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊர் ஆடிட்டருக்கு நீங்கள் சும்மா ஒரு பி.காம். இல்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி ஊரெல்லாம் சுற்றிவரும். எந்தச் சலானில் எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) வந்ததா, எல்.யு.டி. (ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) புதுப்பித்தாயிற்றா என்று பனியன் கம்பெனிக்கு உள்ளே இருந்து பார்த்தவர். புதிதாக வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் நீங்கள் பேரம் பேசுகிறீர்கள்.

அதற்கு முன் விட்டதைப் பிடித்துவிடுங்கள். நீங்கள் நின்ற வருஷக் கடைசியில் கணக்கு மென்பொருளில் டாலி இ.ஆர்.பி. 9 போய் டாலி பிரைம் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யில் 2-பி என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறது. விற்றவர் ஏற்றிய பில் அதில் தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி (வாங்கியபோது கட்டிய வரி) கழிக்கக் கிடைக்கும், 2022 ஜனவரி முதல் இதில் கண்டிப்பு. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ், பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்களில் 12 சதவீதமும் 28 சதவீதமும் எடுக்கப்பட்டு, பெரும்பாலும் 5, 18 என்று ஆகிவிட்டது. இவ்வளவையும் பையன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், பழைய கம்பெனித் தோழி யாரையாவது பிடித்து மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆறு வருஷ இடைவெளி என்று பயந்துகொண்டிருந்தீர்களே, இவ்வளவுதான் அது.

மறக்காமல் கேட்க வேண்டியது பி.எஃப். பழைய கம்பெனியில் பிடித்த பணத்தை எடுத்துவிட்டீர்களா? ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தால் போனது போனதுதான். எடுக்காமல் இருந்தால் அந்த ஆறு வருஷச் சேவை அப்படியே நிற்கிறது. மொத்தம் 10 வருஷம் ஆனால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. தொகை பெரிதில்லை, ஆனாலும் நாலு வருஷத்தில் கைக்கு எட்டுவதை ஏன் விட வேண்டும்? 20 பேருக்குக் குறைவான அலுவலகத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. உங்கள் ஆடிட்டர் கட்டுவாரா என்று கேளுங்கள். கட்டமாட்டார் என்றால், 13,000 என்பது பழைய 16,500-ஐவிட நீங்கள் நினைப்பதற்கும் குறைவு.

ஜூனில் மட்டும் சேராதீர்கள். அவனும் புது வகுப்பு, நீங்களும் புது ஆபீஸ். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் அழுதால் யார் யாரைத் தேற்றுவது? ஆகஸ்ட் முதல் வாரம் என்று சொல்லிவையுங்கள். ஜூலைக் கடைசி வருமான வரி ரிட்டர்ன் கூட்டம் குறைந்திருக்கும், வேன் டிரைவருக்கும் பையனுக்கும் பழக்கம் ஆகியிருக்கும்.

கேள்வி: என் மனைவி பி.எஸ்ஸி., பி.எட். 2013-ல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்றவர். மகள் யு.கே.ஜி. முடிக்கிறாள். எனக்கு அரசு வேலை, பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வேலைக்கு அனுப்பினால் சரியாகுமா? டெட் தேர்ச்சி ஏழு வருஷத்தில் காலாவதி ஆகிவிடும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ஆகவில்லை. ஏழு வருஷம் என்றிருந்ததை 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். 2011 முதல் தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் அது பொருந்தும். சான்றிதழைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

அது என்ன "அனுப்பினால்"? அவர் என்ன மணியார்டரா? எரிந்து விழுவது வேலை இல்லாததாலா, வேறு எதனாலா என்று நீங்கள் அவரைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. என்னைக் கேட்பதற்கு முன் அவரைக் கேட்டிருக்கலாம். ஆசிரியர் வேலையில் ஒரு சௌகரியம், பிள்ளைக்குப் பள்ளி இல்லாத நாளில் பெரும்பாலும் அம்மாவுக்கும் இருக்காது. அசௌகரியம், பரீட்சை முடிந்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். அந்த வாரம் சாம்பார் உங்கள் பொறுப்பு.

கேள்வி: இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்கு வேலைக்குப் போக விருப்பமே இல்லை. கணவரும் வற்புறுத்துவதில்லை. சொந்தக்காரர்கள்தான் "பகல் முழுக்கச் சும்மாதானே இருக்கே" என்கிறார்கள். நான் நினைப்பது தப்பா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தப்பே இல்லை. கேட்பவர்களிடம் "ஆமா, தூங்குகிறேன்" என்று சொல்லுங்கள், அடுத்த முறை கேட்கமாட்டார்கள்.

ஒரே ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். கணவருக்குப் பி.எஃப். இருந்தால் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர் அம்மா பெயரைப் போட்டிருப்பார். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்; பலர் போடுவதில்லை. ஆன்லைனிலேயே செய்யலாம். உங்கள் ஆதார் எண்ணும் ஒரு புகைப்படமும் வேண்டும். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுக்காதீர்கள், பாஸ்போர்ட் அளவில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.