வெட்டுக்கோட்டில் பால் நிற்பது ஏன்?

கடிதம்:

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் 4-இல் உயிரணுச் சவ்வு படிக்கிறாள். "இரண்டு அடுக்குக் கொழுப்பு" என்று மனப்பாடமாகச் சொல்கிறாள்; ஏன் இரண்டு என்றால் முழிக்கிறாள். ரப்பர் மரம் சீவிய என் மாமியாரின் கேள்வி வேறு: ஓடுகிற பால் சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறதே, அடைப்பது எது?

பதில்:

வணக்கம் அம்மா. மாமியாரின் கேள்விக்குப் பதில் சொன்னால் மகளின் கேள்வியும் தீர்ந்துவிடும்.

சவ்வின் மூலப்பொருள் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு. ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. உயிரணுவுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். வால்கள் ஒளிய நடுவில்தான் இடம். எனவே இரண்டு வரிசை. 1925-இல் நெதர்லாந்தில் ஹோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. (அளவெடுத்ததில் இரண்டு பிழைகள், ஒன்றை ஒன்று சரிக்கட்டியதால் விடை சரியாகவே வந்தது.)

இனி மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், உள்ள பால். அதில் ரப்பர் துகளைச் சுற்றி பாஸ்போலிப்பிட் ஒரே அடுக்குதான். உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல, ரப்பர். வால்கள் அதிலேயே புதைந்துகொள்ளும், இரண்டாம் வரிசைக்கு வேலையில்லை. மகளை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

அதே பாலில் லூட்டாய்ட் என்ற நுண்பைகளும் மிதக்கின்றன. இவற்றுக்குள் நீர்ச்சாறு, ஆகவே இரட்டை அடுக்கு. உள்ளே பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.5 அளவு, வெளியே ஏறத்தாழ 7. சவ்விலுள்ள புரோட்டான் பம்புகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து இந்தப் புளிப்பைக் காக்கின்றன.

விடியுமுன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாயில் அழுத்தம் 10 வளிமண்டல அளவை ஒட்டி இருக்கும்; இருட்டிலேயே சீவப் போவது அதனால்தான். கத்தி பட்டதும் அழுத்தம் விழுகிறது, பக்கத்துத் திசுக்களிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் வந்து பாலை நீர்க்கச் செய்கிறது. வெளியே நீர்த்ததும் லூட்டாய்ட் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. தாங்கிப் பிடிக்க அதற்குச் செல்சுவர் கிடையாது. குறுகிய குழாயில் பாயும்போது உராய்வும் சேர, சவ்வு கிழிகிறது.

வெளியே கொட்டுவது அமிலம், கால்சியம், மக்னீசியம், ஹெவீன் என்ற புரதம். ரப்பர் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கொட்டியவை அந்த மின்னேற்றத்தைக் குறைத்ததும் ஒட்டிக்கொள்கின்றன, குழாய் வாய் அடைபடுகிறது. 1960களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த அடைப்புகளைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் ஃபார்மிக் எசிட் ஊற்றிப் பாலை உறைய வைப்பதும் இதே கணக்கு. அமோனியா நேர் எதிர், பாலை உறையாமல் வைத்திருக்கும். பட்டையில் தடவும் எத்திஃபோன் என்ற தூண்டு மருந்து அடைப்பைத் தள்ளிப்போடும், அதனால் பால் அதிக நேரம் ஓடும். அதிகம் தடவினால் மரம் வற்றிப்போகும்.

அடைப்பு வெட்டுக்கோட்டின் விளிம்பில்தான் இருக்கிறது, ஆழத்தில் இல்லை. மாமியார் வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவியதும் பால் மறுபடி ஓடியது அதனால்தான்.