படத்தில் ஒளிந்திருக்கும் துப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இப்போது என்ன எழுதுகிறேன், எந்த நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன், காமிக்ஸையும் மர்ம நாவலையும் எப்படிச் சேர்த்து எழுத முடிகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வரப்போகும் கதைகளின் முடிச்சை எங்கும் அவிழ்க்கவில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

கேள்வி: இப்போது கையில் என்னென்ன வேலை இருக்கிறது, மேடம்?

மூன்று. முதலாவது, கறுப்பு வெள்ளையில் 144 பக்க கிராபிக் நாவல். ஒரு கலங்கரை விளக்கத்தில் இரவுப் பணியில் இருந்தவர் காணாமல் போகிறார். பணிப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து மட்டும் மறுநாளும் விழுகிறது. ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. ஓவியர் பாதிக்கு மேல் வரைந்துவிட்டார்.

இரண்டாவது, முழுக்க உரைநடையில் ஒரு துப்பறியும் நாவல். உயில் எழுதப்பட்ட இரவில் அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் கணக்கு உதைக்கிறது. இது இன்னும் முதல் வரைவில்தான் இருக்கிறது. மூன்றாவது, சிறுவர்களுக்கான எட்டுப் பக்கத் துப்பறியும் காமிக்ஸ் வரிசை. கிராபிக் நாவல்தான் முதலில் வெளிவரும்.

கேள்வி: பாதிதான் வரைந்திருக்கிறார் என்கிறீர்கள். 144 பக்கம் என்று இப்போதே எப்படித் தெரியும்?

அச்சகத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து, மடித்து, வெட்டுவார்கள். அப்படி மடித்த ஒரு தாளைப் பாரம் என்பார்கள், ஒரு பாரத்துக்குப் 16 பக்கம் என்பது வழக்கமான கணக்கு. 9 பாரம் என்றால் 144. தலைப்புப் பக்கம், உரிமை விவரம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது 136. காமிக்ஸ் எழுதுகிறவர் இந்த எண்ணை முதலிலேயே தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும். நாவலில் ஓர் அத்தியாயம் நீண்டால் நீளட்டும் என்று விடலாம். இங்கே ஒரு பக்கம் கூடினால் இன்னொரு காட்சியிலிருந்துதான் அதைப் பிடுங்க வேண்டும்.

கேள்வி: நாவலில் துப்பை மறைப்பதற்கும் காமிக்ஸில் மறைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாவலில் எதைச் சொன்னாலும் அது கண்ணில் பட்டுவிடுகிறது. "மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது" என்று எழுதினால், அதை ஏன் சொன்னார்கள் என்று வாசகர் உடனே யோசிப்பார். அதனால் அந்தக் கண்ணாடியைப் பேனா, சாவிக்கொத்து, பாதி குடித்த தண்ணீர் என்று நாலு பொருட்களோடு கலந்து சொல்வோம். அடுத்த வரியிலேயே யாரையாவது கதவைத் தட்ட வைத்துக் கவனத்தை இழுத்துக்கொண்டு போவோம்.

காமிக்ஸில் நிலைமை தலைகீழ். அந்த மேசையை வரைந்தால் மேல் ஏதாவது இருந்துதான் ஆக வேண்டும். வெறும் மேசை வரைந்தால்தான் சந்தேகம் வரும். ஆக, மூக்குக்கண்ணாடியை நட்ட நடுவில் வைத்தாலும் அது அறையின் ஒரு பகுதியாகவே தெரியும். பெரும்பாலான வாசகர்களின் கண் முதலில் வசன பலூனுக்குப் போகும், அப்புறம் முகத்துக்கு, அப்புறம்தான் பின்னணிக்கு. வசனம் சூடாக இருந்தால் பின்னணியைப் பார்க்காமலே அடுத்த கட்டத்துக்கு, அதாவது அடுத்த படத்துக்கு, தாவிவிடுவார்கள். துப்பு ஒளிந்திருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. வாசகர் பின்னால் புரட்டிப் பார்ப்பார். துப்பறிவாளர் 120ஆம் பக்கத்தில் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசினால், 31ஆம் பக்கத்தில் அது இருந்தே ஆக வேண்டும், அதே வடிவத்தில், அதே இடத்தில். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு எழுதிய பத்துக் கட்டளைகளில் ஒன்று, துப்பறிவாளர் கண்ட தடயத்தை உடனே வாசகரிடமும் காட்டிவிட வேண்டும் என்பது. மற்ற கட்டளைகளில் சில காலாவதியாகிவிட்டன. இது மட்டும் என்னைப் பொறுத்தவரை மாறாது. காமிக்ஸில் "காட்டுவது" என்பதற்கு நேரடியான அர்த்தமே இருக்கிறது: வரைந்திருக்க வேண்டும். வரையாத துப்பைக் கடைசியில் வசனத்தில் சொல்லி முடிப்பதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

நிறத்தை மட்டும் நம்பித் துப்பு வைக்கவும் மாட்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத வாசகர்கள் இருக்கிறார்கள், அதிலும் ஆண்களில் இது அதிகம். ஒரே வடிவச் சட்டையின் நிறம் மாறியதுதான் தடயம் என்றால், அவர்களை ஆட்டத்திலிருந்தே வெளியே அனுப்பிவிடுகிறோம். பொத்தானின் எண்ணிக்கை, காலரின் வடிவம் என்று கோட்டில் தெரிகிற வித்தியாசம்தான் எல்லோருக்கும் நியாயமானது. கலங்கரை விளக்கக் கதையைக் கறுப்பு வெள்ளையில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சாட்சி பொய் சொல்கிறார். அவர் சொல்லும் சம்பவத்தைப் படமாக வரையலாமா? அது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா, அக்கா?

ஆகலாம். இதே சிக்கல் சினிமாவிலும் உண்டு. 1950இல் வந்த ஒரு படத்தில் ஹிட்ச்காக் ஒரு பாத்திரம் சொன்ன பொய்யை அப்படியே பிளாஷ்பேக்காகக் காட்டினார். (படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருக்கலாம்.) பார்த்தவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவரே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். காதால் கேட்டதைச் சந்தேகப்படுகிறோம், கண்ணால் பார்த்ததை நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

என் நிலைப்பாடு இது. சாட்சியின் குரல் கட்டத்துக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டத்தின் எல்லைக்கோடும் மற்றவற்றிலிருந்து மாறியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது "அவர் சொன்னது", கதை சொன்னது அல்ல. எல்லைக்கோடு மாறாமல், குரலும் இல்லாமல் ஒரு காட்சி வருகிறதென்றால் அது நடந்தே இருக்க வேண்டும். புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சின்ன, விவகாரமில்லாத நினைவை இந்த முறையில் வரைந்து வாசகருக்கு விதியைப் பழக்கிவிடுவேன். பிறகு முக்கியமான பொய் வரும்போது, அதைச் சந்தேகப்படும் உரிமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் வெற்றி எனக்கு. பயன்படுத்திவிட்டால் வெற்றி அவருக்கு. இரண்டுமே நல்ல முடிவுகள்தான்.

உயில் நாவலில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே வேறு மாதிரித் தலைவலி: நான்கு பேரும் பார்த்ததை நான்கு விதமான மொழியில் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓவியருக்கு எவ்வளவு எழுதிக் கொடுப்பீர்கள்? கதைச் சுருக்கம் போதாதா?

சாகசக் கதைக்குப் போதலாம். கதைச் சுருக்கத்தை வைத்து ஓவியர் பக்கங்களை வரைந்துவிட, பிறகு எழுத்தாளர் வசனம் சேர்க்கும் முறை 1960களில் மார்வெலில் பிரபலமானது. அதில் ஓவியருக்குச் சுதந்திரம் அதிகம், பக்கங்களில் ஓட்டமும் நன்றாக வரும். மர்மக் கதைக்கு அது சரிவராது. எந்தக் கட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், கை எந்தப் பக்கம், கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா வெளிப்பக்கமாகவா, கடிகாரத்தில் மணி என்ன என்று எல்லாம் வழக்கில் வந்து நிற்கும். அதனால் முழு ஸ்கிரிப்ட்தான் கொடுப்பேன். கூடவே வீட்டின் தரைப்படமும் இருக்கும்.

கொலையாளி யார் என்பதையும் ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். சில எழுத்தாளர்கள் மறைப்பார்கள், தெரிந்தால் முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுவார் என்ற பயம். என் அனுபவம் வேறு. தெரியாத ஓவியர் ஓரமாக நிற்கிறவரை ஏனோதானோவென்று வரைவார். தெரிந்தவர், அந்த ஆள் தனியாக இருக்கும் நொடியில் எங்கே பார்க்கிறார் என்பதைக்கூட யோசித்து வரைவார். மறுவாசிப்பில் வாசகர் ரசிப்பது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானிய மாங்காவை மேலை நாடுகளில் முன்பெல்லாம் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சடித்தார்கள். வலக்கைக்காரர் எல்லாம் இடக்கைக்காரர் ஆனார்கள். காதல் கதையில் அது யாருக்கும் உறுத்தாது. காயத்தின் கோணத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் கதையில் எல்லாமே கவிழ்ந்துவிடும். வடிவமைப்புக்காக ஒரே ஒரு படத்தைத் திருப்புவதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவேன்.

கேள்வி: ஒரு கட்டத்தில் எத்தனை சொல் வரலாம்?

ஆங்கில காமிக்ஸ் எழுத்தாளர்கள் மத்தியில் 35 சொல்லுக்கு மேல் போகாதே என்று ஒரு பழைய அளவுகோல் உண்டு. தமிழில் ஒரு சொல்லே பலூனின் அகலத்தை அடைத்துக்கொள்ளும், "கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். நான் 20ஐத் தாண்டுவதில்லை. தாண்டினால் கட்டத்தை இரண்டாகப் பிரிப்பேன்.

கேள்வி: திடுக்கிடும் திருப்பத்தை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? செல்போனில் படித்தால் என்ன ஆகும்?

இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் இருக்கும். அதன் கடைசிக் கட்டத்தில் கேள்வி, தாளைத் திருப்பியதும் வரும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் பதில். எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தால் ஓரக்கண்ணிலேயே பதில் தெரிந்துவிடும். நடுவில் ஒரு விளம்பரப் பக்கம் நுழைந்தாலும் இந்தக் கணக்கு முழுக்கக் குலைந்துபோகும்.

செல்போனில் மேலிருந்து கீழாக நகர்த்திப் படிக்கும்போது தாளே கிடையாது. அங்கே கட்டங்களுக்கு நடுவில் விடும் வெற்றிடம்தான் காத்திருக்க வைக்கிறது. ஆக, ஒரே கதையை இரண்டுக்கும் அப்படியே பயன்படுத்த முடியாது. சிறுவர் வரிசையை இரண்டு வடிவத்திலும் தனித்தனியாக அடுக்குகிறோம். இரட்டை வேலைதான், ஆனாலும் செய்ய வேண்டியது.

கேள்வி: காமிக்ஸ் எழுதுவதால் நாவலாசிரியராக உங்களைக் குறைவாக எடை போடுகிறார்களா?

சிலர் செய்கிறார்கள். வரலாறு தெரிந்தால் செய்ய மாட்டார்கள். 1934இல் 'சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9' நாளிதழ்த் தொடரை எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட், வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். அதே ரேமண்ட்தான் 1946இல் 'ரிப் கெர்பி' என்ற துப்பறியும் காமிக்ஸ் தொடரைத் தொடங்கினார். மிக்கி ஸ்பில்லேன் 1947இல் முதல் நாவல் வெளியிடும் முன் காமிக்ஸ் எழுதிப் பிழைத்தார். 1950இல் முதல் நாவலை வெளியிட்ட பட்ரீஷியா ஹைஸ்மித்தும் அதற்கு முன் வருடக்கணக்கில் காமிக்ஸ் கதைகள் எழுதியவர்தான். பேட்மேன் 1939இல் முதலில் தோன்றிய இதழின் பெயரே 'டிடெக்டிவ் காமிக்ஸ்'. வில் ஐஸ்னர் 'ஸ்பிரிட்' தொடரில் வாரம் ஏழு பக்கத்துக்குள் ஒரு முழுக் குற்றக் கதையைச் சொல்லி முடித்தார். ஏழே பக்கத்தில் ஆரம்பம், சிக்கல், முடிவு! எழுதப் பழகுகிறவர்கள் அந்தக் கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்தெந்த நிகழ்ச்சிக்கு வருகிறீர்கள்? கையெழுத்து கிடைக்குமா?

அடுத்த மாதம் ஒரு நூலகத்தில் அரைநாள் பயிலரங்கு. அதற்கு அடுத்து ஒரு புத்தகக் காட்சியில் மர்மக் கதை பற்றிய கலந்துரையாடல். புத்தகம் வெளியாகும் வாரத்தில் ஓவியரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். அதில் முன்னுரிமை ஓவியருக்குத்தான், தயவுசெய்து அவருடைய வரிசையில் முதலில் நில்லுங்கள். பழைய புத்தகங்களையும் கொண்டுவரலாம்.

கலந்துரையாடலில் ஒரே ஒரு வேண்டுகோள். படித்து முடித்தவர்கள் முடிவைப் பற்றி மைக்கில் கேட்க வேண்டாம். அரங்கில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஓரமாக வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

கேள்வி: என் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து தரலாமா? படித்துக் கருத்துச் சொல்வீர்களா?

முழுக் கதையாக வேண்டாம். நானும் அதே போன்ற கருவில் எழுதிக்கொண்டிருந்தால் பின்னால் இருவருக்குமே சங்கடம். பயிலரங்குக்கு வாருங்கள், அங்கே நான் தரும் ஒரே சம்பவத்தை எல்லோரும் ஆளுக்கு நான்கு பக்கமாகப் பிரிப்போம். குச்சி மனிதர்கள் வரையத் தெரிந்தால் போதும். உங்கள் பக்கத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் படித்துத் துப்பைக் கண்டுபிடிக்கிறாரா என்று அங்கேயே பார்த்துவிடலாம். என் கருத்தைவிட அது உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கேள்வி: முடிவு தெரிந்த பிறகுதான் எழுதத் தொடங்குவீர்களா?

காமிக்ஸில் ஆமாம், வேறு வழியில்லை. முதல் பக்கத்தை வரைந்து முடித்த பிறகு அதில் ஒரு சாவியைச் சேர்ப்பது ஓவியருக்குச் செய்யும் அநியாயம். நாவலில் கொலையாளியும் காரணமும் மட்டும் தெரிந்தால் இறங்கிவிடுவேன், எப்படி மாட்டுகிறார் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பயிலரங்குக்கு அழைத்து வரலாமா? உங்கள் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும். கலங்கரை விளக்கக் கதையை இப்போது கொடுக்க வேண்டாம், அதைப் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்து எழுதினேன். சிறுவர் வரிசையில் கொலையே கிடையாது. காணாமல் போன பொருள், மாறிப்போன பார்சல், யாரோ அழித்த கரும்பலகை, இப்படித்தான் வழக்குகள். விதி மட்டும் பெரியவர்களுக்கு உள்ளதேதான்: விடைக்குத் தேவையானது எல்லாம் ஆறாம் பக்கத்துக்குள் வரைந்திருக்கும். ஏழாம் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் அவளையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.