வல்கனைஸ் என்றால் உருக்குவது அல்ல

சகோதரி, 'வல்கனைஸ்' என்றால் ரப்பரை உருக்குவது என்று மகள் எழுதியதற்கு ஆசிரியர் ஏன் தவறு போட்டார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் செய்தது சரிதான். ரப்பரில் கந்தகம் கலந்து சூடாக்கினால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்துவிடும்; அப்புறம் அதை உருக்கவே முடியாது. நீங்கள் மலேசியாவில், ரப்பர் தோட்டங்கள் உள்ள சுங்கை சிப்புட்டில்தானே இருக்கிறீர்கள்? மரத்துப் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) காய்ந்து கட்டியான ஒட்டுப்பாலை வெயிலில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள், பிசுபிசுத்து நீண்டுபோகும். வல்கனைஸ் செய்த ரப்பர் பேண்டை இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பும்.

1839இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் இதைக் கண்டுபிடித்தார். பெயர் பிறந்தது இங்கிலாந்தில்: அங்கே ரப்பர் தொழில் நடத்திய தாமஸ் ஹான்காக்கின் நண்பர் பிராக்கடன், ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனை நினைத்து வைத்தார். அதனால் மகள் சூட்டை நினைத்தது பிழையில்லை. கந்தகத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.